டைட்ரேஷன் அளவிலிருந்து அமிலத்தின் செறிவைக் கணக்கிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டைட்ரேஷன் என்பது, செறிவு தெரிந்த காரத்தை அமிலத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அமிலம் தீர எவ்வளவு ஆகிறது என்று பார்ப்பது. பியூரெட்டில் (அளவுக் கோடுகளும் அடியில் திறந்து மூடும் குழாயும் உள்ள நீளக் கண்ணாடிக் குழல்) காரம், கூம்புக் குடுவையில் அமிலம், நோட்டில் நாலைந்து அளவுகள். இதுவரை எல்லோரும் வந்துவிடுகிறார்கள். அந்த எண்களைச் செறிவாக மாற்றும் இடத்தில்தான் தடுமாற்றம் வருகிறது, ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அங்கே ஒரு சூத்திரத்தைத் தேடுகிறார்கள். டைட்ரேஷன் கணக்குக்குச் சூத்திரம் தேவையே இல்லை, மோலை (பொருளின் துகள்களை எண்ணும் அலகு) எண்ணத் தெரிந்தால் போதும் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தப் பிடிமானத்தில் எழுதியவை.

டைட்ரேஷனில் உண்மையில் எதை அளக்கிறோம்?

கன அளவை. அவ்வளவுதான். செறிவு தெரிந்த காரம் எத்தனை மில்லிலிட்டர் இறங்கியது என்பதைத் தவிர பியூரெட் வேறெதையும் சொல்வதில்லை. ஆனால் அந்த ஒரு எண்ணே போதும். காரத்தின் செறிவும் இறங்கிய கன அளவும் தெரிந்தால் எத்தனை மோல் காரம் குடுவைக்குள் போனது என்று தெரிந்துவிடும். சமன்படுத்திய சமன்பாட்டைப் பார்த்தால் அது எத்தனை மோல் அமிலத்தைத் தீர்த்திருக்கும் என்று தெரியும். அந்த மோலை, பிப்பெட்டில் (குறிப்பிட்ட கன அளவைத் துல்லியமாக எடுக்கும் குழல்) எடுத்த அமிலத்தின் கன அளவால் வகுத்தால் செறிவு.

பியூரெட், பிப்பெட் என்ற இரண்டு பெயர்களையும் 1824-இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் கே லுசாக். ஒவ்வொன்றையும் வீழ்படிவாக்கி, வடிகட்டி, உலர்த்தி எடை போடுவதற்குப் பதிலாகக் கன அளவை வைத்தே பொருளின் அளவைச் சொல்லிவிடலாம் என்பது இந்த முறையின் பெரிய பலம். இருநூறு ஆண்டுகளாகியும் அது குறையவில்லை.

ஒரு கணக்கை முதலிலிருந்து கடைசிவரை செய்து காட்ட முடியுமா?

சரி. செறிவு தெரியாத ஹைட்ரோகுளோரிக் அமிலம் 25.00 மி.லி. பிப்பெட்டில் எடுத்து, பினாப்தலீன் என்ற நிறங்காட்டி இரண்டு சொட்டு விட்டு, 0.1000 மோலார் (அதாவது லிட்டருக்கு 0.1000 மோல்) சோடியம் ஹைட்ராக்சைடால் டைட்ரேட் செய்கிறோம். பியூரெட் அளவுகள் இப்படி:

ரஃப்: 0.00 முதல் 22.90 வரை, இறங்கியது 22.90
முதல் முறை: 0.20 முதல் 22.65 வரை, இறங்கியது 22.45
இரண்டாம் முறை: 22.65 முதல் 45.05 வரை, இறங்கியது 22.40
மூன்றாம் முறை: 1.10 முதல் 23.55 வரை, இறங்கியது 22.45

ரஃபை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் சராசரி எடுத்தால் 22.43 மி.லி. இதை லிட்டராக்கினால் 0.02243.

காரத்தின் மோல்: 0.1000 × 0.02243 = 0.002243
ஒரு மோல் சோடியம் ஹைட்ராக்சைடு ஒரு மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு வினைபுரிகிறது, ஆகவே அமிலத்தின் மோலும் 0.002243.
செறிவு: 0.002243 ÷ 0.02500 = 0.0897 மோலார்

லிட்டருக்கு எத்தனை கிராம் என்று கேட்டிருந்தால் மூலக்கூறு நிறையால் பெருக்குங்கள்: 0.0897 × 36.46 = 3.27 கிராம். முடிந்தது.

விடை சரிதானா என்று உடனே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு, இதை எல்லோரும் பழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மேலே உள்ள கணக்கில் 25 மி.லி. அமிலத்தைத் தீர்க்க 25 மி.லி.க்கும் குறைவான காரமே போதுமானதாக இருந்தது. அப்படியானால் அமிலம் காரத்தைவிடச் செறிவு குறைந்தது, 0.1-க்குக் கீழேதான் விடை வர வேண்டும். வந்திருக்கிறது.

இன்னொன்று. மில்லிலிட்டரை ஒரு பக்கம் லிட்டராக்கி இன்னொரு பக்கம் அப்படியே விட்டுவிட்டால் இதே கணக்கில் 89.7 மோலார் என்று வரும். பாட்டிலில் வரும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமே ஏறக்குறைய 12 மோலார்தான், அடர் சல்பியூரிக் அமிலம் சுமார் 18. அதற்கு மேலே போகிற விடையைப் பார்த்தவுடனே பேனாவைக் கீழே வைத்துவிட்டு அலகுகளைத் திரும்பப் பாருங்கள். இந்தச் சிக்கலே வேண்டாம் என்றால் மில்லிமோலில் கணக்குப் போடலாம்: மோலாரை மில்லிலிட்டரால் பெருக்கினால் மில்லிமோல், மில்லிமோலை மில்லிலிட்டரால் வகுத்தால் மறுபடி மோலார். ஆயிரத்தால் வகுக்கும் வேலையே இல்லை.

ரஃப் அளவை ஏன் சேர்க்கக் கூடாது? மூன்று அளவுகளும் வேறு வேறாக வந்தால்?

ரஃப் என்பது முடிவு நிலை (நிறம் மாறி நிற்கும் இடம்) எங்கே இருக்கிறது என்று இடம் பார்ப்பதற்காக வேகமாக விடுவது. அதில் நாலைந்து சொட்டு தாண்டிப் போயிருக்கும், அதைச் சராசரியில் சேர்த்தால் நல்ல அளவுகளையும் சேர்த்துக் கெடுக்கும். மற்றவை 0.10 மி.லி.க்குள் ஒத்துப்போக வேண்டும். லேபில் கன்கார்டன்ட் என்று சொல்வது இதைத்தான். ஒத்துப்போகாத ஒன்று வந்தால் அதை நோட்டில் அப்படியே எழுதி வைத்துவிட்டு இன்னொரு முறை செய்யுங்கள். அடித்துத் திருத்தி 22.40 ஆக்கிவிட்டால் எண் அழகாக இருக்கும், ஆனால் நீங்கள் அளந்தது எதுவும் அதில் இருக்காது.

செறிவு × கன அளவு = செறிவு × கன அளவு என்று ஒரே வரியில் போட்டால் போதாதா?

ஹைட்ரோகுளோரிக் அமிலம், நைட்ரிக் அமிலம், அசிட்டிக் அமிலம் ஆகியவற்றைச் சோடியம் ஹைட்ராக்சைடோடு டைட்ரேட் செய்தால் போதும். அங்கே விகிதம் ஒன்றுக்கு ஒன்று. ஆபத்து என்னவென்றால், அது போதுமானதாக இருக்கும் இடத்தில் பழகிவிட்டு, போதாத இடத்திலும் கை தானாகவே அதை எழுதிவிடும்.

சல்பியூரிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். 20.00 மி.லி. அமிலத்துக்கு 0.1000 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 24.60 மி.லி. ஆகிறது. காரம் 2.460 மில்லிமோல். ஆனால் ஒரு மோல் சல்பியூரிக் அமிலத்துக்கு இரண்டு மோல் சோடியம் ஹைட்ராக்சைடு தேவை. ஆகவே அமிலம் அதில் பாதி, 1.230 மில்லிமோல். செறிவு 1.230 ÷ 20.00 = 0.0615 மோலார். ஒரே வரிச் சூத்திரத்தில் போட்டிருந்தால் 0.123 வந்திருக்கும், சரியாக இரண்டு மடங்கு. நான் முதன்முதலாகச் சல்பியூரிக் அமிலம் செய்த நாளில் இதே தவறு நடந்தது. அளவுகள் ஒன்றோடொன்று அப்படியே பொருந்தின, அதனால் விடை தவறாக இருக்கும் என்று தோன்றவே இல்லை. அளவீடு நன்றாக இருப்பதும் கணக்கு சரியாக இருப்பதும் தனித்தனி விஷயங்கள் என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். அதிலிருந்து, கணக்கைத் தொடங்கும் முன் சமன்பாட்டை எழுதிவிடுவேன், ஒன்றுக்கு ஒன்று என்று மனப்பாடமாகத் தெரிந்தாலும்கூட.

நார்மாலிட்டியில் போட்டால் இந்தப் பிரச்சினை இல்லையே?

இல்லைதான். நார்மாலிட்டியில் எண்ணுவது மோலை அல்ல, சமான எடைகளை. அமிலம் எத்தனை ஹைட்ரஜனைக் கொடுக்கிறது என்பது அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. சல்பியூரிக் அமிலத்தின் மூலக்கூறு நிறை 98, சமான எடை 49. அதனால் நார்மாலிட்டியைக் கன அளவால் பெருக்கினால் வருவது இரண்டு பக்கமும் எப்போதும் சமம். மேலே உள்ள அதே சல்பியூரிக் அமிலம் 0.123 நார்மல், அதாவது 0.0615 மோலார்.

ஆனால் பிரச்சினை காணாமல் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. சமான எடையை எடுக்கும்போது ‘எத்தனை ஹைட்ரஜன்’ என்ற அதே கேள்வியை நீங்கள் கேட்டாக வேண்டும். ஆக்சாலிக் அமிலத்தில் இரண்டு. படிகமாகக் கிடைப்பதில் இரண்டு மூலக்கூறு நீரும் சேர்ந்து மூலக்கூறு நிறை 126, சமான எடை 63. படிக நீரை மறந்து 90 என்று போட்டால் அடுத்தடுத்து எல்லாமே தவறும். தேர்வில் நார்மாலிட்டி கேட்டால் அதிலேயே செய்யுங்கள், தப்பில்லை. மற்றபடி நான் மோல் பக்கம்தான்.

குடுவையில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்துவிட்டேன். அமிலம் நீர்த்துப்போய் விடை மாறிவிடாதா?

மாறாது. இதை நம்ப மறுப்பவர்கள் நிறைய. நீங்கள் பிப்பெட்டில் 25.00 மி.லி. அமிலத்தை அளந்து குடுவைக்குள் விட்டபோதே அதில் எத்தனை மோல் என்பது முடிவாகிவிட்டது. அதோடு ஐம்பது மில்லிலிட்டர் வாலை வடிநீர் சேர்த்தாலும் ஒரு மோல்கூடக் கூடப்போவதில்லை, குறையப்போவதில்லை. கணக்கில் போடும் கன அளவு பிப்பெட்டின் 25.00 தான், குடுவையில் இப்போது இருக்கும் மொத்தம் அல்ல. குடுவையின் பக்கவாட்டில் ஒட்டிய சொட்டுகளை வாலை வடிநீரால் கழுவி உள்ளே இறக்குவது நல்ல பழக்கமும்கூட.

அப்படியென்றால் பியூரெட்டையும் பிப்பெட்டையும் மட்டும் ஏன் கரைசலாலேயே அலசச் சொல்கிறார்கள்?

அவை இரண்டும் செறிவோடு சம்பந்தப்பட்டவை. பியூரெட்டில் தண்ணீர் ஒட்டியிருந்தால் காரம் நீர்த்துவிடும், அதிகம் இறங்கும், நீங்களோ அது இன்னும் 0.1000 என்றுதான் கணக்குப் போடுவீர்கள். அமிலம் இருப்பதைவிடச் செறிவானதாகத் தெரியும். பிப்பெட்டில் தண்ணீர் இருந்தால் 25 மி.லி.க்குள் அமிலம் குறைவு, விடையும் குறையும். கூம்புக் குடுவையை அமிலத்தால் அலசினால் அளக்காத அமிலம் உள்ளே தங்கிவிடும், விடை கூடும். அதனால் குடுவைக்கு மட்டும் தண்ணீர்.

இதோடு சேர்ந்த மூன்று சின்ன விஷயங்கள். பியூரெட் குழாயடியில் காற்றுக் குமிழி இருந்து அது நடுவில் வெளியேறினால், இறங்காத காரம் இறங்கியதாகக் கணக்கில் ஏறும். மேலே வைத்த புனலை எடுக்க மறந்தால் அதிலிருந்து சொட்டி மட்டம் உயரும், இறங்கியது குறைவாகத் தெரியும். பிப்பெட் நுனியில் கடைசியாக நிற்கும் சொட்டை ஊதித் தள்ளாதீர்கள். சாதாரண ஒற்றைக் கோட்டு பிப்பெட் அந்தச் சொட்டு நிற்கும் என்று எதிர்பார்த்தே அளவிடப்பட்டது.

எந்த இடத்தில் நிறுத்துவது?

கணக்கு முழுக்க இந்த ஒரு நொடியை நம்பித்தான் நிற்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குடுவைக்கு அடியில் வெள்ளைத் தாளோ ஓடோ வையுங்கள். ஆரம்பத்தில் காரம் விழும் இடத்தில் இளஞ்சிவப்பு ஒரு புள்ளியாகத் தோன்றி, சுழற்றுவதற்கு முன்பே மறைந்துவிடும். போகப் போக அது மறைய நேரம் எடுக்கும். சுழற்றும்போது ஒரு வளையம்போல் இழுபட்டு, குடுவையைச் சுற்றி ஒரு சுற்று போய், பிறகு கரையும். இந்த வளையம் தெரிய ஆரம்பித்ததும் குழாயை மூடிவிட்டுச் சொட்டுச் சொட்டாக மாறுங்கள். ஒரு சொட்டு சுமார் 0.05 மி.லி. கடைசியில் அரைச் சொட்டைக் குழாய் நுனியில் தொங்கவிட்டு, குடுவையின் உட்சுவரில் தொட்டு எடுத்து, வாலை வடிநீரால் கழுவி இறக்குங்கள். குடுவை முழுக்க மிக மெல்லிய இளஞ்சிவப்பு படர்ந்து அரை நிமிடம் நின்றால் அதுதான் முடிவு நிலை. தாளை எடுத்துவிட்டால் தெரியுமா தெரியாதா என்கிற அளவுக்கு வெளிறியிருக்க வேண்டும். பளிச்சென்று ரோஜா நிறம் வந்தால் தாண்டிவிட்டீர்கள்.

அளவு படிக்கும்போது கண் திரவ மட்டத்துக்கு நேராக இருக்கட்டும், வளைவின் அடிமட்டத்தைப் படியுங்கள். தொடக்க அளவை எப்படிப் படித்தீர்களோ அப்படியே இறுதி அளவையும் படிக்க வேண்டும்.

நிறம் வந்து இரண்டு நிமிடத்தில் மறைந்துவிட்டது. இன்னும் விட வேண்டுமா?

வேண்டாம். காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து மிச்சமிருந்த துளிக் காரத்தைத் தீர்த்திருக்கிறது. அரை நிமிடம் நின்றதா என்பதே கேள்வி.

எந்த அமிலத்துக்கு எந்த நிறங்காட்டி?

வலிமை மிகுந்த அமிலம், வலிமை மிகுந்த காரம் என்றால் சமான நிலையில் (அமிலமும் காரமும் சரியாக ஒன்றையொன்று தீர்க்கும் இடம்) பிஎச் 7, ஆனால் அந்த இடத்தில் ஒரு சொட்டுக்கே பிஎச் சில அலகுகள் தாவும், அதனால் பினாப்தலீனோ (நிறம் மாறும் பிஎச் 8.3 முதல் 10 வரை) மெத்தில் ஆரஞ்சோ (3.1 முதல் 4.4 வரை) எதுவானாலும் நடைமுறையில் அதே அளவுதான் வரும்.

அசிட்டிக் அமிலம் போன்ற வலிமை குறைந்த அமிலத்தில் கதை வேறு. 0.1 மோலார் அளவில் அதன் சமான நிலை 8.7-ஐ ஒட்டி வரும். பினாப்தலீன் பொருந்தும். மெத்தில் ஆரஞ்சு போட்டால், அது முழுக்க மஞ்சளாகும் 4.4-ல் அமிலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட நடுநிலையாகி இருக்காது. அதுவும் ஒரே சொட்டில் மாறாது, மெல்ல மெல்ல நிறம் மாறிக்கொண்டே இருக்கும், எங்கே நிறுத்துவது என்றே தெரியாது.

வலிமை குறைந்த அமிலத்துக்குக் காரமும் குறைவாகத்தானே தேவைப்படும்?

இல்லை. 25 மி.லி. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு எவ்வளவு காரமோ, 25 மி.லி. 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்துக்கும் அவ்வளவேதான். அசிட்டிக் அமிலத்தில் எந்த நேரத்திலும் சிறு பகுதிதான் அயனியாகி இருக்கும், உண்மை. ஆனால் அந்த ஹைட்ரஜன் அயனியைக் காரம் எடுக்க எடுக்க, மீதி மூலக்கூறுகள் பிரிந்து இடத்தை நிரப்பிக்கொண்டே வரும், கடைசி மூலக்கூறு தீரும்வரை. அதனால்தான் பிஎச் அளவை வைத்து இதன் செறிவை நேராகச் சொல்ல முடியாது. 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தின் பிஎச் சுமார் 2.9, அதே 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு ஏறக்குறைய 1. பிஎச் சொல்வது இப்போது பிரிந்து நிற்கும் ஹைட்ரஜன் அயனியை. டைட்ரேஷன் சொல்வது மொத்த இருப்பை.

மாதிரியை நீர்க்கச் செய்துதான் டைட்ரேட் செய்தேன். எந்த இடத்தில் பெருக்குவது?

கடைசியில். வினிகரை எடுத்துக்கொள்வோம். 10.00 மி.லி. வினிகரை 100 மி.லி. அளவுக் குடுவையில் விட்டுக் கோடு வரை நிரப்பி, அதிலிருந்து 25.00 மி.லி. எடுத்தோம், 0.1000 மோலார் காரம் 21.00 மி.லி. ஆனது. 2.100 மில்லிமோல் ÷ 25.00 = 0.0840 மோலார். இது நீர்த்த கரைசலின் செறிவு. பத்து மடங்கு நீர்த்திருப்பதால் வினிகரில் 0.840 மோலார். அசிட்டிக் அமிலத்தின் மூலக்கூறு நிறை 60.05 என்பதால் லிட்டருக்கு 50.4 கிராம், அதாவது நூறு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 5 கிராம்.

நீர்க்காமல் நேராகச் செய்திருந்தால் 25 மி.லி. வினிகருக்கு 210 மி.லி. காரம் ஆகியிருக்கும், பியூரெட்டை நாலைந்து முறை நிரப்ப வேண்டியிருக்கும். 25-ஐ 10 ஆல் பெருக்குவதா, 100-ஐ 25 ஆல் வகுப்பதா என்று குழப்பம் வருவது, எந்தக் கரைசலின் செறிவைக் கையில் வைத்திருக்கிறோம் என்று எழுதாததால்தான். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ‘நீர்த்தது’, ‘அசல்’ என்று ஒரு சொல் எழுதுங்கள், குழப்பம் போய்விடும்.

பாட்டிலில் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு என்று ஒட்டியிருக்கிறது. நம்பலாமா?

அன்றைக்கே தரப்படுத்தியதாக இருந்தால் நம்பலாம். சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும் பொருள். தட்டில் வைத்து எடை போடும்போதே மினுமினுவென்று ஈரமாகிவிடும், அதனால் 4 கிராம் நிறுத்து ஒரு லிட்டராக்கினேன் என்பது 0.1-க்குப் பக்கத்தில் எங்கோ இருக்கிறது என்று மட்டுமே பொருள். சரியான எண் வேண்டுமென்றால் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை நிறுத்து அதனோடு டைட்ரேட் செய்யுங்கள். மூலக்கூறு நிறை 204.22, விகிதம் ஒன்றுக்கு ஒன்று. 0.5105 கிராம் எடுத்தால் 2.500 மில்லிமோல், அதற்குக் காரம் 24.80 மி.லி. ஆனால் செறிவு 2.500 ÷ 24.80 = 0.1008 மோலார். இனி எல்லாக் கணக்கிலும் 0.1 அல்ல, 0.1008.

விடையில் எத்தனை இலக்கம் எழுதுவது?

கால்குலேட்டர் காட்டும் அத்தனையும் எழுதாதீர்கள். 0.1 மி.லி. கோடு போட்ட பியூரெட்டில் ஒவ்வொரு அளவிலும் 0.05 மி.லி. அளவுக்குச் சந்தேகம் இருக்கிறது; தொடக்கம், இறுதி இரண்டையும் சேர்த்தால் மோசமான நிலையில் 0.10. இறங்கியது 22 மி.லி. என்றால் அது அரை சதவீதத்துக்கும் கீழே, மூன்று இலக்கம் நியாயமானது. இறங்கியது வெறும் 5 மி.லி. என்றால் அதே 0.10 இரண்டு சதவீதமாகிவிடும். 20 மி.லி.க்கு மேல் இறங்குமாறு செறிவைத் தேர்ந்தெடுப்பது இதற்காகத்தான். நடுவில் சுருக்காதீர்கள், கடைசியில் ஒருமுறை சுருக்குங்கள்.

பாஸ்பாரிக் அமிலத்துக்கு விகிதம் மூன்றா?

தாளில் மூன்று, குடுவையில் அப்படி இல்லை. மூன்று ஹைட்ரஜனும் ஒரே மாதிரி பிரிவதில்லை. மெத்தில் ஆரஞ்சு மாறும்போது முதல் ஹைட்ரஜன் தீர்ந்திருக்கும், விகிதம் ஒன்று. பினாப்தலீன் மாறும்போது ஏறக்குறைய இரண்டாவதும் தீர்ந்திருக்கும், விகிதம் இரண்டு. மூன்றாவது ஹைட்ரஜன் நீரில் அவ்வளவு எளிதாக வெளியே வராது, சாதாரண நிறங்காட்டியால் பிடிக்கவும் முடியாது. ஆக, இந்த அமிலத்தில் எந்த நிறங்காட்டி போட்டீர்கள் என்று தெரியாமல் கணக்கையே தொடங்க முடியாது.

நீரில் சரியாகக் கரையாத அமிலமாக இருந்தால்?

அளவு தெரிந்த காரத்தைத் தேவைக்கு அதிகமாகச் சேர்த்து முழுதாக வினைபுரிய விடுங்கள். மிஞ்சிய காரத்தைச் செறிவு தெரிந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் டைட்ரேட் செய்யுங்கள். சேர்த்த மோலிலிருந்து மிஞ்சிய மோலைக் கழித்தால் உங்கள் அமிலம் எடுத்துக்கொண்ட காரம் கிடைக்கும். அங்கிருந்து வழக்கம்போல விகிதம், அப்புறம் செறிவு, அல்லது நிறுத்து எடுத்த திண்மமாக இருந்தால் தூய்மைச் சதவீதம்.